வாந்தி சீட்

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவள் கதவக்கா. பஸ்ஸின் கதவைத் திறப்பதும் மூடுவதும்தான் அவள் வேலை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். குட்டிப் பிள்ளைகளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றுவது, இறங்குகிறவர்களை உரியவர் கையில் ஒப்படைப்பது, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தலைகளை எண்ணுவது, தூங்கி விழுகிற தலைக்குத் தோள் கொடுப்பது எல்லாம் அவர்களைப் பொறுத்தவரை கதவு திறப்பதில் சேர்த்தி.

தோளில் குறுக்காக ஒரு பை மாட்டியிருப்பாள். அதற்குள் பிளாஸ்டிக் கவர்கள், பழைய செய்தித்தாள், ஈரத்துணி, உதிரி ரப்பர் பேண்டுகள். கவர்கள் வாந்தி எடுக்கிற பிள்ளைகளுக்கு. கதவை ஒட்டிய முதல் சீட்டும் அவர்களுக்குத்தான். காற்று நன்றாக வரும், கைக்கெட்டும் தூரத்தில் அவள் நிற்பாள். எந்தப் பிள்ளையின் முகம் வெளுக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே உட்காரவைப்பாள். பஸ்ஸில் எல்லோருக்கும் அது வாந்தி சீட்.

வேடிக்கை என்னவென்றால், பஸ்ஸில் உட்கார்ந்தால் அவளுக்கே வயிற்றைப் புரட்டும். பின் சீட் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் போக வர நின்றுகொண்டே வருவாள். டிரைவர் அண்ணன், "உக்காரும்மா, உனக்கு ஒண்ணும் முள்ளு வெச்சு சீட் தைக்கல," என்பார். "இருக்கட்டும்ணே," என்று கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

சுபாவத்திலேயே அவள் பயந்தவள். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து வருகிற போனுக்குப் பயம். ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் துணைக்கு யாராவது வரட்டும் என்று ஓரத்தில் நிற்பாள். ஒருநாள் அப்படி நிற்கும்போது கண் மங்கிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடும்மா," என்றாராம். "ஐயா, நான் உங்கள நம்பித்தான் நின்னுட்டிருக்கேன்," என்றாளாம் இவள். நாத்தனார் இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

நாத்தனாருக்குச் சிரிக்க இன்னொரு விஷயமும் உண்டு. அதை வெளியாட்களிடம் சொல்ல மாட்டாள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அண்ணியின் தலையில் துணி சுற்றியிருக்கும், அவர்கள் மதத்துப் பெண்கள் எல்லோரையும் போல. டயர் கடை முக்குத் திரும்பியதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை அவிழ்த்து நாலாக மடித்துப் பைக்குள், பிளாஸ்டிக் கவர்களுக்கு அடியில் வைத்துவிடுவாள். சாயங்காலம் அதே முக்கில் மறுபடி தலைக்கு ஏறிவிடும்.

"முக்கு வரைக்கும் எங்க அண்ணி. முக்கு தாண்டினா அவங்க யாரோ, நான் யாரோ," என்பாள் நாத்தனார்.

"நீ வீட்டுக்குள்ள இருந்துகிட்டுப் பேசுவ."

"நீங்க மட்டும் என்ன, துணிக்குள்ள இருந்துகிட்டா பேசுறீங்க?"

இந்த வேலைக்கு முன் கதவக்கா ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். அங்கே துணியோடுதான் போனாள். ஒருநாள் ஒரு பிள்ளையின் அம்மா, "இவங்க கையால எம்புள்ளைக்கு ஊட்ட வேண்டாம்," என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறாள். இவளை யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. மறுநாள் போனபோது எல்லோரும் சிரித்த முகமாக, "கொஞ்சநாள் ரெஸ்ட் எடுங்க, நாங்களே கூப்பிடுறோம்," என்றார்கள். கூப்பிடவே இல்லை. அந்தச் சிரிப்புதான் அவள் மனதை விட்டுப் போகவில்லை. கோபத்தை முகத்தில் பார்த்துவிடலாம். சிரிப்புக்குப் பின்னால் இருப்பதை எப்படிப் பார்ப்பது?

இந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பஸ் பள்ளி கேட்டைத் தாண்டும்போது மட்டும் பயணத்துக்கான பிரார்த்தனையைச் சத்தமில்லாமல் உதட்டிலேயே சொல்லிக்கொள்வாள். சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்தது. எல்லோரையும் நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்பதுதான் அதன் சாரம். அதை மட்டும் முக்கில் அவிழ்த்து வைக்க அவளால் முடியவில்லை.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் ஒரு புதுப் பெண் ஏறத் தொடங்கினாள். ஆறாம் வகுப்பு. சீருடையோடு தலையில் நீலத்துணி. அவளைப் பார்த்ததுமே கதவக்காவுக்கு முதலில் வந்தது பாசம் இல்லை, பயம். தன் பைக்குள் மடித்துவைத்தது தலை முளைத்து வெளியே வந்து நின்றதுபோல இருந்தது.

அந்தப் பெண் ஏறுகிற ஸ்டாப்பில் பஸ் ஒரு நிமிடம் நின்றாலும் டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங்கைத் தட்டுவார். "இந்த ஆளுங்களுக்கு எப்பவும் லேட்டுதான்." அவர் மனதில் விஷம் கிடையாது. பெண்டாட்டியையும் அப்படித்தான் சொல்வார், பள்ளிக்கூடத்தையும் அப்படித்தான் சொல்வார். கதவக்கா அவரோடு சேர்ந்து சிரித்துவைப்பாள். சிரித்த பிறகு வாய் கசக்கும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் பின்னால் உட்காருவது வழக்கம். அங்கே மூன்று பேர் ராஜ்ஜியம். பந்து விளையாட்டில் தலைவனாக இருந்ததால் கேப்டன் என்று பெயர் வாங்கியவன் ஒருவன். அவன் சொல்வதற்கெல்லாம் சிரிக்கிறவன் ஒருவன். அவன் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற, சிவப்பு ரிப்பன் கட்டிய பெண் ஒருத்தி. புதுப் பெண்ணை முதலில், "ஏ துணிக்கடை," என்று கூப்பிட்டார்கள். அப்புறம் துணியின் நுனியைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். அந்தப் பெண்ணும் பஸ் கிளம்பும்போது பிரார்த்தனை சொல்வாள், வாய்விட்டே. அவர்கள் மூவரும் அதைத் தாடையை ஆட்டி ஆட்டித் திருப்பிச் சொன்னார்கள். "சத்தமா சொல்லு, டிரைவருக்குக் கேக்கல."

கதவக்கா எல்லாவற்றையும் டிரைவருக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்தாள்.

பார்த்தால் சொல்ல வேண்டும். அதற்கென்றே ஒரு நோட்டீஸ் முதல் சீட்டுக்கு மேலே ஒட்டியிருந்தது. யாரும் யாரையும் அடிக்கவோ கேலி செய்யவோ, மதத்தையோ உடையையோ சொல்லி வம்பிழுக்கவோ கூடாது. நடந்தால் பஸ் உதவியாளரிடம் சொல்லவும். அதை ஒட்டுவதற்கு முன் பெரிய மேடம் டிரைவர்களையும் உதவியாளர்களையும் ஹாலில் கூட்டி, "பஸ்ஸுக்குள்ள நான் கிடையாது. அங்க நீங்கதான் நான்," என்று சொல்லியிருந்தார். டிரைவர் அண்ணன் பக்கத்தில் குனிந்து, "அப்ப அந்த ஏசி ரூம்ல நமக்கும் பங்கு உண்டான்னு கேளு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

இப்போது சொல்லலாம். ஆனால் சொன்னால், "நீங்க ஏன் அந்தப் பொண்ணுக்காக இவ்ளோ பேசுறீங்க?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பிறகு சிரித்த முகங்கள். கொஞ்சநாள் ரெஸ்ட்.

ஆகவே அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். எந்தப் பிள்ளை தவித்தாலும் செய்வதைத்தான் செய்தாள். பின்னால் போய், "வா கண்ணு, முன்னாடி உக்காரு," என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் சீட்டில் உட்காரவைத்தாள். தன் பக்கத்தில், தன் கண் பார்வையில். பெரிய காரியம் செய்துவிட்டதாக அன்று மனசு லேசாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அந்தப் பெண் ஏறியதும் பின்னாலிருந்து ரிப்பன்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கேப்டன் குமட்டுவதுபோல் நடித்தான். "வாந்தி வந்துட்டா." வாரக் கடைசிக்குள் அதுவே பெயராகிவிட்டது. கதவக்கா பிறகுதான் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அது காவல் சீட். பஸ்ஸுக்கு அது வாந்தி சீட். குட்டிப் பிள்ளை ஒன்று உண்மையிலேயே முகம் வெளுத்து நின்றபோது, அந்த சீட்டில் உட்கார மாட்டேன் என்று அழுதது. ஏன் என்றதற்கு, "அது அந்த அக்காவோடது, ஒட்டிக்கும்," என்றது. அதற்கு இன்னும் பால் பல்லே விழவில்லை. அதற்குள் யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

திரும்பப் பின்னால் அனுப்பவும் முடியவில்லை. இங்கேயே வைத்திருக்கவும் முடியவில்லை.

ஒருநாள் பஸ் கேட்டைத் தாண்டும்போது அந்தப் பெண் நிமிர்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அக்கா, நீங்களும் அதையேதான சொல்றீங்க?"

கதவக்கா சட்டென்று முன்னால் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் அண்ணன் காதில் விழுந்திருக்குமோ?

"எது? ஒண்ணுமில்ல. பல்லுல என்னமோ மாட்டிருக்கு."

அந்தப் பெண் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா," என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பெண் பிரார்த்தனையை வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டாள். கதவக்காவைப் போலவே உதட்டுக்குள் சொல்லப் பழகிக்கொண்டாள். அதைப் பார்க்கப் பார்க்க, ஒளிவதைத் தவிர வேறு எதையும் தான் அவளுக்குக் கற்றுத்தரவில்லை என்று தோன்றியது. கண்ணாடிப் பக்கம் திரும்புவதையே குறைத்துக்கொண்டாள்.

அது நடந்தது ஒரு சாயங்காலம். பெரிய சாலை சிக்னலில் பஸ் நின்றிருந்தது. கேப்டன் குட்டிப் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிற சாக்கில் முன்னால் வந்தான். திரும்பும்போது கை ஒரு வீச்சு வீசியது. நீலத்துணி அவன் கையில். அது ரிப்பன்காரிக்கு, அவளிடமிருந்து மற்றவனுக்கு, அவனிடமிருந்து ஜன்னலுக்கு. வெளியே போய்விட்டது.

"அக்கா, கதவத் திறங்க. ப்ளீஸ்க்கா."

ஸ்டாப் இல்லாத இடத்தில் கதவைத் திறக்கக் கூடாது. அது சட்டம். அந்தச் சட்டத்தை அன்று அவள் ஒரு தூணைப்போலக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "திறக்கக் கூடாது கண்ணு. உக்காரு." சிக்னல் விழுந்தது. பஸ் நகர்ந்தது. அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கூரைபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் சிரிப்பு அடங்கவில்லை. கதவக்கா அந்த சீட்டைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஸ்டாப்பில் தூங்கிப்போன குட்டியைத் தோளிலிருந்து இறக்கி அதன் அம்மாவிடம் கொடுத்தாள். பஸ் கிளம்பியது. தலைகளை எண்ணினாள், பின்னாலிருந்து முன்னால், வழக்கம்போல. முதல் சீட்டுக்கு வந்ததும் கண் தானாக விலகிக்கொண்டது. அங்கே ஒரு தலை இருக்கிறது என்று மனசு தானாகவே சேர்த்துக்கொண்டது.

அந்தப் பெண்ணின் ஸ்டாப் வந்தது. அவளுடைய அம்மா எப்போதும் நிற்கிற மின்கம்பத்தருகே நின்றிருந்தாள். கதவக்கா கதவைத் திறந்து, "இறங்கு கண்ணு," என்று திரும்பினாள். சீட்டில் புத்தகப் பை மட்டும் இருந்தது.

"எங்க எம்புள்ள?" என்றாள் அம்மா. முதலில் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

கதவக்கா குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தாள். குட்டியைக் கொடுத்த நேரத்தில் தன் கைக்கு அடியில் ஏதோ உரசிப்போனது இப்போதுதான் உடம்புக்கு ஞாபகம் வந்தது.

"ஏங்க, எம்புள்ள எங்கங்க?"

"முன்னாடி ஸ்டாப்புல... அண்ணே, பஸ்ஸைத் திருப்புங்கண்ணே."

"இங்க எங்கம்மா திருப்புறது? பாலத்துக்குப் போய்தான் திருப்பணும்." டிரைவர் அண்ணனுக்கும் குரல் உடைந்திருந்தது. "மத்த புள்ளைங்க இருக்கு. நீ இறங்கி ஓடு."

இறங்கி ஓடினாள். அம்மா பின்னால் ஓடிவந்தாள். கடைகள், பைக்குகள், நடைபாதையில் அடுக்கிய தண்ணீர்க் கேன்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவளுக்கு உயிர் போய் வந்தது. எங்காவது கூட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்தாள். கூட்டம் இருந்துவிடக் கூடாது என்றும் பார்த்தாள். "எதுவும் ஆகியிருக்காதுங்க," என்று அந்த அம்மாவுக்கா தனக்கா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

சிக்னல் அருகே சாலையின் நடுவில், இரண்டு பக்கமும் வண்டிகள் பாய்கிற தடுப்புச் சுவரில் ஒட்டிக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தாள். கையில் நீலத்துணி, பாதி கருப்பாக. வருவதற்கு எப்படியோ வந்துவிட்டாள். திரும்பிப் போக முடியவில்லை. இன்னொரு கையைத் தலைமேல் வைத்திருந்தாள்.

"அங்கேயே நில்லு," என்று அம்மா கத்தினாள். லாரி ஒன்று அந்தச் சத்தத்தை விழுங்கிக்கொண்டு போனது.

கதவக்கா யாராவது கடக்கிறவர் வரட்டும் என்று காத்து நிற்கவில்லை. துணிந்து போனாள் என்றும் சொல்ல முடியாது. பயம் அப்படியேதான் இருந்தது, கால் மட்டும் அதைக் கேட்காமல் போய்விட்டது. ஒரு கையை வண்டிகளுக்கு நேராக நீட்டிக்கொண்டு, அந்தப் பிரார்த்தனையைத் தொண்டை வலிக்கச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள். ஒரு வண்டிக்காரன் பிரேக் போட்டு அசிங்கமாகத் திட்டினான். அவள் காதில் ஏறவில்லை.

தடுப்புச் சுவருக்குப் போனதும் பைக்குள் கையை விட்டாள். பிளாஸ்டிக் கவர்கள் காற்றில் பறந்தன. அடியிலிருந்து தன் துணியை எடுத்து உதறி அந்தப் பெண்ணின் தலையில் சுற்றினாள். அவசரத்தில் முடிச்சு கோணலாக விழுந்தது.

"பல்லுல மாட்டலையாக்கா?" என்றாள் அந்தப் பெண், விம்மிக்கொண்டே.

"இல்ல," என்றாள் கதவக்கா.

மறுநாள் காலை பெரிய மேடத்தின் அறைக்கு வெளியே டிரைவர் அண்ணன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "புள்ள தானா இறங்கிப் போயிடுச்சுன்னு சொல்லு. உன் கைக்கடியில பூந்து போனத நீ எப்படிப் பாப்ப? அத்தோட நிறுத்திக்க. வேற எதையும் கிளறாத."

"தானா இறங்கிச்சுன்னு சொன்னா தப்பு அந்தப் புள்ள மேல விழும்ணே. டிசி குடுத்து அனுப்பிருவாங்க."

"உன்ன அனுப்பிட்டா?"

இரவெல்லாம் அதே கேள்வியோடுதான் படுத்திருந்தாள்.

உள்ளே பெரிய மேடம் அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றாள். அந்தப் பெண்ணின் அம்மா ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"தன்னோட ஸ்டாப் இல்லாத இடத்துல உங்க பொண்ணு இறங்கினது சீரியஸான விஷயம்," என்றார் மேடம், அம்மாவிடம். பிறகு இவள் பக்கம் திரும்பி, "ஏன் இறங்கினான்னு உங்களுக்கு எதாவது தெரியுமா?"

கதவக்கா அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"துணியை வெளிய எறிஞ்சுட்டாங்க மேடம். எடுக்கப் போச்சு."

"யாரு? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். நேத்து மட்டும் இல்ல. ரொம்ப நாளா பாத்துட்டிருக்கேன்." மூன்று பேரையும் சொன்னாள். இழுத்ததை, திருப்பிச் சொன்னதை, வாந்தி என்று பெயர் வைத்ததை எல்லாம் சொன்னாள். அந்த சீட்டில் உட்காரவைத்தது தான்தான் என்பதையும் சொன்னாள்.

"இவ்ளோ நாள் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நானும் அவங்க மதம்தான் மேடம். சொன்னா தெரிஞ்சுரும்னு பயம்."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "இங்க யாரும் உங்கள எதுவும் சொல்ல மாட்டாங்க." நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் முன்பு பார்த்த சிரிப்புகளும் நல்ல சிரிப்பாகத்தான் இருந்தன. கதவக்கா புடவை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

நடவடிக்கை வந்தது. அந்த மூவரும் சில வாரம் பஸ்ஸில் ஏறக் கூடாது, வீட்டார்தான் கொண்டுவந்து விட வேண்டும். மூன்று வீட்டாரையும் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் அம்மாவின் முன்னால் பேசினார் மேடம். கதவக்காவுக்கு எச்சரிக்கை: இன்னொரு முறை எண்ணிக்கை தவறினால் வேலை போகும், இன்னொரு முறை பார்த்ததை அன்றே சொல்லாவிட்டாலும் போகும். அவள் தலையாட்டினாள். பிறகு, தானே எதிர்பார்க்காமல், ஒன்று கேட்டாள்.

"நான் பின்னாடி உக்காந்துக்கட்டுமா மேடம்? ஸ்டாப் வந்தா முன்னாடி வந்துடுறேன்."

"கண்ணாடியிலயே தெரியுமே."

"கண்ணாடின்னா முகத்தைத் திருப்பிக்கலாம் மேடம்."

அந்தச் சில வாரமும் அவள் முக்கில் துணியை அவிழ்த்துவிட்டுத்தான் போனாள். எல்லோருக்கும் தெரிந்த பிறகும். கை பழகிவிட்டது, பயமும் பழகிவிட்டது. நாத்தனார் இப்போதெல்லாம் முக்குக் கதையைச் சொல்லிச் சிரிப்பதில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூவரும் திரும்பி ஏறுகிற காலை வந்தது. டயர் கடை முக்கில் கை தலைக்குப் போனது. அங்கேயே நின்றது. இன்று கேப்டன் ஏறுவான். இன்று அந்தப் பெண் அவன் கண்ணெதிரே ஏற வேண்டும். கதவக்கா முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவிழ்க்காமல், நடந்தாள்.

டிரைவர் அண்ணன் ஏறிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "யாரோன்னு நெனச்சேன்," என்றார் கடைசியில். "ஏறும்மா, லேட்டாகுது." எப்போதும் வாய் மூடாதவர் வாயை மூடிக்கொண்டதும் அவளுக்கு ஒரு பயம்தான்.

அந்தப் பெண் ஏறினாள். முதல் சீட்டில் முகம் வெளுத்த குட்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது. கதவக்கா கதவைச் சாத்திவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனாள். கடைசி வரிசைக்கு முந்தின சீட். தானும் உட்கார்ந்தாள். மூவரும் முந்தின ஸ்டாப்புகளிலேயே ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிடரியில் மூச்சுப் படுகிற தூரம்.

கடைசி ஸ்டாப்பும் தாண்டி பஸ் வேகம் எடுத்தபோது அந்தப் பெண் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினாள், சின்னக் குரலில். கதவக்கா முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து சொன்னாள். பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். குரல் தடுக்கியது. நிறுத்தவில்லை.

வேகத்தடை வந்தது. பின் சீட் எகிறி விழுந்தது. வயிறு தொண்டைக்கு வந்தது. இன்னொரு தடை. முகம் வேர்த்துவிட்டது. பயத்தாலா, பஸ்ஸாலா என்று அவளுக்கே தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் அவள் தோள்பைக்குள் கையைவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை உதறிப் பிரித்து நீட்டினாள். "குனிங்கக்கா. நான் பிடிச்சுக்கிறேன்."

கதவக்கா குனிந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால், ரிப்பன்காரி எழுந்து எட்டி ஜன்னலை முழுதாகத் தள்ளித் திறக்கிற சத்தம் கேட்டது. நாற்றம் தாங்காமல் திறந்தாளா, இவளுக்காகத் திறந்தாளா, தெரியவில்லை. காற்று வந்தது. தலைத்துணி படபடத்தது. கதவக்கா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.